சம்பங்கி பூக்கலையா? தொட்டியைக் கவிழ்த்துப் பாருங்க!



நெல், கரும்பு, மரவள்ளி என்று பேசுற இடத்தில் ஒரு பூந்தொட்டியைப் பற்றி எழுத எனக்கே கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் பன்னிரண்டு வருஷமாக இயற்கை வழியில் இரண்டரை ஏக்கர் பண்ற எனக்கு, இந்த ஒரு தொட்டி நல்லாவே குட்டு வைத்தது. அந்தக் கதையோடு, சம்பங்கிக் கிழங்கை எப்படிப் பிரிப்பது, எப்படித் தொட்டி மாற்றுவது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் கல்வராயன் மலை அடிவாரம். கோமுகி அணைக்குக் கீழே இருக்கிற செம்மண் பூமி. என் மாமியார், அத்தை என்றுதான் கூப்பிடுவேன், கல்யாணமாகி வரும்போது பிறந்த வீட்டிலிருந்து முந்தானையில் முடிந்துகொண்டு வந்தது நாலு சம்பங்கிக் கிழங்கு. நிலச்சம்பங்கி. ஒற்றை அடுக்குப் பூ. திண்ணை ஓரத்தில் மண்தொட்டியில் வைத்திருந்தார். சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் வாசம் தெருமுனை வரை போகும். சாமி படத்துக்கு நாங்கள் கடையில் பூ வாங்கியதே இல்லை.

2019-ல் அத்தை தவறிப் போனார். எங்கள் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானதும் அதே வருஷம்தான். அடுத்த வருஷம் தொட்டியில் ரெண்டு பூத்தண்டு வந்தது. அதற்கடுத்த வருஷம் ஒன்றுமே இல்லை. இலை மட்டும் தளதளவென்று கோரைப்புல் மாதிரி நிற்கிறது. பார்க்கிறவர்கள் எல்லாம், "அது அவங்க கைராசிம்மா, அவங்களோட போயிடுச்சு" என்றார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை.

என்ன செய்தேன் தெரியுமா? ஊற்றினேன். வாரம் தவறாமல் பஞ்சகவ்யா. அப்புறம் மீன் அமிலம். அப்புறம் ஜீவாமிர்தம். மேலே ரெண்டு கை மண்புழு உரம். இலை இன்னும் கரும்பச்சை ஆனது. பூ வரவில்லை. மறுபடியும் ஊற்றினேன். பயிற்சிக்கு வருகிற பெண்களிடம், "யூரியா மூட்டைக்குப் பதிலா பஞ்சகவ்யா டிரம்னு நினைக்காதீங்க, பயிருக்கு என்ன தேவைன்னு பாருங்க" என்று மைக் பிடித்துப் பேசுகிறவள் நான். வீட்டுத் திண்ணையில் அதே தப்பைத்தான் ரெண்டு வருஷம் பண்ணிக்கொண்டிருந்தேன்.

கண்ணைத் திறந்துவிட்டது வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து வருகிற ஒரு அக்கா. மலையாளிப் பழங்குடி. சாமை கொண்டுவந்து கொடுத்துவிட்டு எங்கள் திண்ணையில் உட்கார்ந்து டீ குடிப்பார். தொட்டியைப் பார்த்தவர் கேட்டார்: "ஏம்மா, மஞ்சளை நாலு வருஷம் தோண்டாம அப்படியே விட்டா வெரலு தடிக்குமா?" அவ்வளவுதான் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது.

பூத்த கிழங்கு மறுபடி பூக்காது

சம்பங்கியில் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். ஒரு கிழங்கு ஒரு தடவைதான் பூக்கும். பூத்தண்டு விட்ட பிறகு அந்தத் தாய்க்கிழங்கின் வேலை முடிந்தது. அதற்குள்ளாகவே அது தன்னைச் சுற்றிப் பக்கக் கிழங்குகளைக் கட்டிவிடும். அடுத்த பூ அந்தக் குட்டிகளிலிருந்துதான் வர வேண்டும். நம்ம வாழை மாதிரியே. குலை தள்ளிய மரம் திரும்பக் குலை தள்ளாது, பக்கக் கன்றுதான் அடுத்த தார் தரும்.

வாழையில் நாம் என்ன செய்கிறோம்? ஒரு நல்ல கன்றை விட்டுவிட்டு மற்றதை எடுத்துவிடுகிறோம். எல்லாக் கன்றையும் விட்டால் புதர்தான் மிஞ்சும், தார் சிறுத்துப்போகும். சம்பங்கித் தொட்டியில் யாரும் அப்படி எடுத்துவிடுவதில்லை. ஒரு தாய்க்குப் பல குட்டி, அந்தக் குட்டிக்குக் குட்டி என்று மூன்று நாலு வருஷத்தில் தொட்டி முழுக்கக் கிழங்கு. ஒவ்வொன்றும் சுண்டைக்காய் அளவில் நின்றுபோகும். குறிப்பிட்ட பருமன் வந்த கிழங்குதான் பூத்தண்டு விடும். அந்தப் பருமனுக்கு வர மண்ணும் வெயிலும் வேண்டும். நெருக்கடியில் ரெண்டும் கிடைப்பதில்லை.

அந்த நிலையில் தழைச்சத்தை ஊற்றினால், இருக்கிற எல்லாச் சின்னக் கிழங்கும் இலையைத்தான் விடும். நான் பார்த்த கரும்பச்சை அதுதான். செடி நன்றாக இருக்கிறது என்று நாம் ஏமாந்துபோவோம்.

வயலிலும் இதே கணக்குதான். சம்பங்கி நட்டால் மறுதாம்பு சேர்த்து மூன்று வருஷம் வரை பூ எடுக்கிறார்கள். அதன் பிறகு தோண்டி, கிழங்கு பிரித்து, வேறு இடத்தில் நடுகிறார்கள். தொட்டியில் இடம் குறைவு என்பதால் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை பிரிப்பது நல்லது.

எப்போது பிரிக்கலாம்?

நம்ம சமவெளிக்கு வைகாசியில் தோண்டி, ஆனியில் நடுவது வசதி. சித்திரை வெயிலில் இலை மஞ்சளாகிப் பழுக்க ஆரம்பிக்கும்போது தண்ணீரைக் குறைத்து, ரெண்டு மூன்று வாரம் முழுசாக நிறுத்திவிடுங்கள். இலையில் இருக்கிற சத்து கிழங்குக்கு இறங்கும், மண்ணும் காய்ந்து உதிரும். இலை பச்சையாக இருக்கும்போது பிரித்தால் செடி சாகாது. ஆனால் கிழங்கு மெலிந்து போகும். பூத்தண்டு நிற்கும்போது தொடவே வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் தோண்டாதீர்கள். தோண்டும்போது படுகிற காயம் ஈரத்தில் ஆறாமல் அழுகிவிடும்.

கவிழ்த்துப் பார்த்தபோது

2022 வைகாசியில் தொட்டியைச் சாக்கின் மேல் சாய்த்துப் படுக்க வைத்தேன். விளிம்பைச் சுற்றி ஒரு பழைய கத்தியை விட்டு, அடியில் உள்ளங்கையால் தட்டினேன். பதினாலு அங்குலத் தொட்டி மண் அப்படியே கேக் மாதிரி வெளியே வந்தது. மண் என்று சொல்வதா, கிழங்கு என்று சொல்வதா தெரியவில்லை. எண்ணிப் பார்த்தேன், 71 கிழங்கு. அதில் பூக்கிற அளவில் இருந்தது 11. சின்னது 43. பூத்து முடிந்த வெற்றுத் தாய்க்கிழங்கு 14. அழுகியது 3.

நாலு கிழங்கு 71 ஆகியிருக்கிறது. நான் செத்துப்போச்சு என்று அழுதுகொண்டிருந்தேன்.

பிரிக்கும் முறை

முதலில் மண்ணைக் கையால் உதிர்த்துவிடுங்கள். கழுவ வேண்டாம். கொத்தை இரண்டு கையாலும் பிடித்து, இலேசாகத் திருகி ஆட்டினால் தானாக விட்டுக்கொடுக்கும். ஒட்டிக்கொண்டு வராத இடத்தில் மட்டும் சுத்தமான கத்தி போடுங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் கிழங்கோடு அடித்தட்டு, அதாவது வேர் முளைக்கிற பகுதி, இருக்க வேண்டும். அது இல்லாத துண்டு முளைக்காது. வெட்டின இடத்தில் அடுப்புச் சாம்பல் தொட்டு வையுங்கள். காய்ந்த இலையையும் பழைய வேரையும் ரெண்டு விரல் அளவு விட்டு வெட்டிவிடலாம்.

அடுத்து தரம் பிரிக்க வேண்டும். நாலு குவியல் போடுங்கள்.

ஒன்று, பெரியது. கனமாக, கெட்டியாக, கதிர் மாதிரி நீண்டு இருக்கும். ரெண்டு சின்ன வெங்காயம் சேர்ந்த பருமன். எடை போட்டால் 25 முதல் 30 கிராம் வரும். வயலில் நடவுக்கு எடுப்பதும் இந்த எடைதான். இதுதான் இந்த வருஷம் பூக்கப்போவது.

இரண்டு, சின்னது. இதைத் தூக்கிப் போடாதீர்கள். ஒரு வருஷம் வளர்த்தால் பெரிதாகிவிடும்.

மூன்று, பூத்து முடிந்தது. நடுவில் காய்ந்த தண்டின் அடி இருக்கும், அமுக்கினால் வெற்றாக இருக்கும். நோய் இல்லையென்றால் உரக்குழிக்குப் போகலாம்.

நான்கு, அழுகியது, நாற்றம் வருவது. இதை எரித்துவிடுங்கள். உரக்குழியில் போடாதீர்கள்.

இந்த நேரத்தில் வேரையும் ஒரு பார்வை பாருங்கள். வேரில் முடிச்சு முடிச்சாக இருந்தால் நூற்புழு வந்திருக்கிறது. அந்தக் கிழங்கை யாருக்கும் கொடுக்க வேண்டாம். அந்த மண்ணையும் வேறு தொட்டிக்குப் போடக் கூடாது. கோடையில் மண்ணை நனைத்து, ஒளி புகும் பாலித்தீன் தாளால் காற்றுப் புகாமல் மூடி நாலு முதல் ஆறு வாரம் வெயிலில் போட்டால் பெரும்பாலும் அடங்கும். பிறகு அதில் ஒரு பட்டம் துலுக்கச் சாமந்தி வைத்தால் இன்னும் நல்லது.

தரம் பிரித்ததை நிழலில், காற்றோட்டமான இடத்தில், சாக்கு மேல் பரப்பி மூன்று நாலு வாரம் ஆறவிடுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். விதை மஞ்சளைப் பார்க்கிற மாதிரி பார்த்தால் போதும்.

தொட்டியும் மண்ணும்

சம்பங்கிக்குத் தண்ணீர் பிடிக்கும், தேங்கினால் பிடிக்காது. பன்னிரண்டு அங்குலத் தொட்டிக்கு நாலு பெரிய கிழங்கு போதும். ஆசைப்பட்டு எட்டு வைத்தால் மறுபடி பழைய கதைதான்.

மண்கலவை நான் போடுவது: செம்மண் ரெண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, நன்றாக மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு. தொட்டிக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. ஆற்றுமணல் இன்றைக்குக் கிடைப்பதில்லை, எடுப்பதும் நல்லதில்லை. அதற்குப் பதில் அரிசி ஆலையில் கிடைக்கிற உமியைக் கருக்கிப் போடலாம். மண் பொலபொலவென்று இருக்கும். கரிசல் மண்காரர்கள், சின்னசேலம் பக்கம் இருக்கிறவர்கள், செம்மண் கிடைக்காவிட்டால் உமியையும் தொழுவுரத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள். மக்காத சாணியை மட்டும் போடாதீர்கள். அது சூடு கிளப்பி கிழங்கை வேகவைத்துவிடும்.

ஒரு விஷயம் கேட்டுக்கொள்கிறேன். "மலை மண் நல்ல மண்ணு" என்று கல்வராயன் மலை காட்டிலிருந்து சாக்குச் சாக்காக மேல்மண் அள்ளி வருகிறவர்கள் இருக்கிறார்கள். காப்புக்காட்டில் மண் எடுப்பது சட்டப்படி குற்றம். அது போகட்டும், அந்த இலைமக்கு மண் உருவாக எத்தனை வருஷம் ஆகியிருக்கும்? நம்ம தோட்டத்துச் சருகைக் குழியில் போட்டு ஒரு வருஷம் பொறுத்தால் அதே மண் நம்ம வீட்டில்.

தொட்டி ஓட்டையின் மேல் ஒரு ஓட்டாஞ்சில்லைக் கவிழ்த்து வையுங்கள், மண் ஒழுகாமல் இருக்கும். அடியில் ரெண்டு அங்குலத்துக்கு ஜல்லி போட்டால் தண்ணீர் நன்றாக வடியும் என்று பலர் நினைக்கிறார்கள். நானும் போட்டவள்தான். ஜல்லிக்கு மேலே இருக்கிற மண்ணில்தான் தண்ணீர் நின்றுபோகும், வேருக்குக் கிடைக்கிற இடமும் குறையும். ஓட்டையும் மண்கலவையும் சரியாக இருந்தால் ஜல்லி தேவையில்லை.

நடவும் பராமரிப்பும்

கிழங்கின் கூர் முனை மேலே பார்க்கணும். முனைக்கு மேலே ஓர் அங்குலம் மண் இருந்தால் போதும். நட்டவுடன் ஒரு தடவை நன்றாகத் தண்ணீர் விடுங்கள். முளை தெரிகிற வரை மேல்மண் காய்ந்தால் மட்டும் கொஞ்சம். நம்மில் பலர் கிழங்கைக் கொல்வது இந்த இடத்தில்தான். இலை இல்லாத கிழங்கு தண்ணீர் குடிக்காது, ஊறத்தான் செய்யும்.

வெயில் குறைந்தது ஆறு மணி நேரம் வேண்டும். ஹாலுக்குள் வைத்தால் இலை நீண்டு சாயும், பூக்காது. மாடி, திண்ணை ஓரம், தெற்கு பார்த்த பால்கனி நல்லது. பூத்தண்டு வந்த பிறகு வேண்டுமானால் நாலு நாள் உள்ளே கொண்டுவந்து வாசம் பிடிக்கலாம்.

நாலு இலை வந்த பிறகு பதினைந்து நாளுக்கு ஒரு தடவை, லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி பஞ்சகவ்யா. அதற்கு மேல் வேண்டாம். கொடுமுடி மருத்துவர் நடராஜன் பஞ்சகவ்யாவை நமக்கு ஒரு முறையாக வகுத்துக் கொடுத்தபோது சொன்ன மூன்று சதவீதம் இந்தக் கணக்குதான். என்னை மாதிரி வாராவாரம் ஊற்றாதீர்கள். மாதம் ஒரு தடவை ஒரு ஸ்பூன் அடுப்புச் சாம்பல் தூவலாம்.

நட்டதிலிருந்து மூன்றாம் மாதம் பூத்தண்டு எதிர்பார்க்கலாம். நான் ஆனியில் நட்டது புரட்டாசியில் தலை காட்டியது.

எனக்கு என்ன கிடைத்தது?

பெரிய கிழங்கு 11-ல் எட்டை ரெண்டு மண்தொட்டியில் நட்டேன். மிச்சம் மூன்றை ஒரு காலி பெயின்ட் வாளியில். அவசரத்தில் வாளிக்கு ஒரே ஓட்டைதான் போட்டேன். மண்தொட்டியில் ஏழு பூத்தது. வாளியில் ரெண்டு அழுகி, ஒன்று பூத்தது. மூன்று வருஷம் கழித்து முதல் தண்டை ஒடித்து அத்தை படத்துக்கு வைத்தேன். கைராசி என்று ஒன்றும் இல்லை. அத்தை ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வெயில் காலத்தில் திண்ணையில் உட்கார்ந்து எதையோ பிரித்து அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது இப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. நான் பார்த்தேன், கவனிக்கவில்லை.

சின்னக் கிழங்கு 43-ல் இருபதைக் காய்கறிப் பாத்தி வரப்பில் ஊன்றினேன். மிச்சத்தை நாலு வீட்டுக்குக் கொடுத்தேன். ஓரகத்திக்கு, பக்கத்து வீட்டு அக்காவுக்கு, சின்னசேலம் பக்கம் இருக்கிற குழுத் தோழிக்கு, சாமை கொண்டுவருகிற மலை அக்காவுக்கு.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்த புயல் விழுப்புரத்தையும் எங்கள் மாவட்டத்தையும் மழையில் முக்கி எடுத்தது. எங்கள் காய்கறிப் பாத்தி நாள்கணக்கில் தண்ணீரில் நின்றது. திண்ணைத் தொட்டிகளும் தப்பவில்லை, வயலைப் பார்க்கிற அவசரத்தில் அவற்றை நகர்த்த யாருக்கும் தோன்றவில்லை. தண்ணீர் வடிந்த பிறகு தோண்டினால் எல்லாம் கூழ். ஓரகத்தி வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் அதே கதி.

மறு வருஷம் வைகாசியில் மலை அக்கா வந்தார். சாமை மூட்டையோடு ஒரு துணி முடிச்சு. பிரித்தால் பன்னிரண்டு சம்பங்கிக் கிழங்கு, கெட்டியாக. சரிவான நிலத்தில் தண்ணீர் நிற்காததால் அவர் வீட்டுச் செடி பிழைத்திருக்கிறது. "நீ கொடுத்ததுதானம்மா, புடி" என்றார். அத்தை கொண்டுவந்த கிழங்கு இன்றைக்கும் எங்கள் திண்ணையில் இருக்கிறதென்றால் அது நான் காப்பாற்றியதால் இல்லை. கொடுத்து வைத்ததால்.

வேறு பூச்செடிகளுக்கு

இதே முறை இன்னும் பல செடிகளுக்குப் பொருந்தும். மழை லில்லி, கல்வாழை ரெண்டையும் கொத்தாகத் தோண்டிப் பிரிக்கலாம். கல்வாழையில் ஒவ்வொரு துண்டுக்கும் ரெண்டு முளைக்கண் இருக்கட்டும். ஆந்தூரியம், பீஸ் லில்லி போன்ற நிழல் செடிகளை ஆறவிடக் கூடாது. வேரோடும் மூன்று நாலு இலையோடும் பிரித்து, அப்போதே நட்டு, ஒரு வாரம் நிழலில் வைத்து ஈரம் காயாமல் பாருங்கள்.

செங்காந்தள், நம்ம மாநிலப் பூ, அதன் கிழங்கு கவட்டை மாதிரி இருக்கும். ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரே ஒரு முளைதான். அது ஒடிந்தால் அந்தக் கிழங்கு போச்சு. செடி முழுக்க நஞ்சு, குழந்தைகளும் ஆடுமாடும் இருக்கிற வீட்டில் வேண்டாம். செங்காந்தளாகட்டும், மரத்தில் ஒட்டியிருக்கிற ஆர்க்கிட் ஆகட்டும், மலையிலிருந்து பிடுங்கி வராதீர்கள். வளர்க்கிறவர்களிடம் கேட்டு வாங்குங்கள்.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு கணக்கு

சம்பங்கியை வயலில் 45 சென்டிமீட்டர் வரிசைக்கு, 20 சென்டிமீட்டர் இடைவெளியில் நட்டால் ஏக்கருக்கு ஏறக்குறைய 45,000 கிழங்கு வேண்டும். மொத்தமாக வாங்கினால் பணமும் போகும், யார் வயல் நூற்புழுவோ நம்ம வயலுக்கும் வரும். ஒரு சென்ட்டுக்கு 450 கிழங்கு போதும். நல்ல கிழங்கு கொஞ்சம் வாங்கி, தொட்டியிலும் வரப்பிலும் பெருக்கி, பிரித்து, தரம் பார்த்து, முதலில் ஒரு சென்ட் போடுங்கள். கிழங்கைக் கையில் எடுத்தாலே இது பூக்குமா பூக்காதா என்று தெரிகிற பழக்கம் வந்த பிறகு பெரிதாகப் போகலாம்.

இந்த வருஷம் உங்கள் தொட்டியில் இலை மட்டும் இருந்தால், உர டிரம்மைத் திறப்பதற்கு முன்னால் தொட்டியைக் கவிழ்த்துப் பாருங்கள். பிரித்ததில் பாதியையாவது நாலு வீட்டுக்குக் கொடுங்கள். அதில் ஒரு வீடாவது மேட்டில் இருக்கட்டும்.